ஜப்பான் பிள்ளைக்குப் பேர் வெட்டியது

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஜப்பானில் ஒரு மீன்கடைக்காரரின் மகள், பள்ளிக்கூடச் சீருடையோடு தேர்வுக்குப் போய், பெண்கள் மட்டுமே இருக்கும் பெரிய பாட்டுக் குழு ஒன்றில் சேர்ந்தாள்.
2. மேடையில் அவளுக்குக் கிடைத்த இடம் மூன்றாம் வரிசை, இடது ஓரம். கமராவில் பெரும்பாலும் அவளுடைய வலது தோள் மட்டுமே தெரிந்தது.
3. ஒரு சாப்பாட்டு நிகழ்ச்சியில், கொதிக்கும் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் "ஆகா, என்ன ருசி" என்று சொல்ல, அவள் மட்டும் "சுடுகிறது, ருசி இன்னும் வந்து சேரவில்லை" என்றாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். தோளுக்கு மேலே ஒரு முகம் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது.
4. குழுவை விட்டு விலகினாள். இப்போது பாடுவதில்லை. தொலைக்காட்சியில் சாப்பிடுகிறாள், கேள்வி கேட்கிறாள், ஆச்சரியப்படுகிறாள்.
5. அவள் பழைய குரல் ஒரு வேனுக்குள் இருந்தபடியே கப்பலேறி, இலங்கையின் பதுளையில் நான் வேலை செய்யும் கராஜுக்கு வந்தது.
6. அவளிடம் கற்ற ஜப்பானிய மொழியை நம்பி, நான் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு கொடுத்தேன்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நான் படித்தது வாகன மின்னியல். வீடு தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளருக்கான வரிசை வீடான லயத்தில். அம்மா கொழுந்து எடுக்கிறார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அவர் போகிற நேரத்தில் நான் பதுளை பஸ்ஸுக்குப் போவேன். கராஜ் ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. அங்கே வயர், சென்சர், திரை என்று எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். வருகிற வாகனங்கள் பெரும்பாலும் ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து அனுப்பியவை. மலையேறி வந்த பிறகும் அவை தாய்மொழியை விடுவதில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல், மிகுந்த மரியாதையோடு, அட்டை செருகப்படவில்லை என்று அறிவிக்கும். அது அந்த ஊரில் நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டுகிற அட்டை. பதுளையில் அது எதற்கும் உதவாது. ஒரேயொரு இணைப்பைக் கழற்றினால் குரல் நின்றுவிடும். கழற்றத்தான் யாரும் விடமாட்டார்கள்.

"பேசட்டும் மகள்," என்பார் முதலாளி. "பேசினாத்தான் ஒரிஜினல் ஜப்பான் எண்டு சனம் நம்பும். வாய் மூடின வண்டிக்கு வெல கொறஞ்சிரும்."

பேட்டரியை மாற்றினால் சில பாட்டு செட்டுகள் பூட்டிக்கொண்டு, திரை முழுக்க ஜப்பானிய எழுத்தில் ஏதோ கேட்கும். வாடிக்கையாளர் என்னைப் பார்ப்பார். நான் செட்டைப் பார்ப்பேன். செட் எங்கள் இருவரையும் பார்க்கும். இந்த முக்கோணம் பிடிக்காமல்தான் அந்த எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. பள்ளிக்கூட வேன். தோட்டத்துப் பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றி வருகிற அண்ணன் ஒருவர் புதிதாக வாங்கியிருந்தார். அதன் செட்டுக்குள் முந்திய உரிமையாளர் பதிந்து வைத்த பாட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றை அழித்துவிட்டு நம் பாட்டுகளைப் போடச் சொன்னார். அழிப்பதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். பெண்கள் கூட்டமாகப் பாடினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு குரல் மட்டும் ஒவ்வொரு வரியிலும் அரை மூச்சு பிந்தி வந்தது. இயந்திரங்களோடு பழகியவளுக்கு இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை. எந்த வால்வு தட்டுகிறது என்று தேடுகிற மாதிரி, திரையில் இருந்த குழுவின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, இணையத்தில் தேடி, கடைசியில் அந்தக் குரலுக்குரிய ஆளைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் வரிசை, இடது ஓரம். தன் குரல் பிந்துவதை அவளே பின்னாளில் ஒரு நிகழ்ச்சியில் சொல்லிச் சிரித்தாள்.

பாட்டுகளை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, நம் பாட்டுகளைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரமே வேன்கார அண்ணன் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, அந்தப் பழைய பாட்டயே போட்டுக் குடு."

"ஏன்ணே, நம்ம பாட்டு சரியில்லையா?"

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. புள்ளைங்கதான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்குதுங்க. அந்த ஜப்பான் பாட்டு ஓடுனப்போ ஒண்ணு கூட எடுக்கல. எல்லாம் வாயத் தொறந்து பாடிக்கிட்டு வந்துச்சுங்க."

"அர்த்தம் தெரியாமயா?"

"அர்த்தம் தெரிஞ்சா பாடுவாங்களா? போடும்மா, நேரமாச்சு."

போட்டுக் கொடுத்தேன்.

வீட்டில் அவளை அறிமுகப்படுத்தியதும் நான்தான். வேலை முடிந்து வந்து, அவளுடைய நிகழ்ச்சிகளை என் ஃபோனில் பார்ப்பேன். அம்மாவும், சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், அடுத்த காம்பிராவில் இருக்கும் சின்னம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டும். பழைய மேடைப் பாட்டு ஒன்றைக் காட்டி, "இந்தா, இந்த ஓரத்துல இருக்கிறவதான்" என்றேன்.

அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கொழுந்து எடுக்கப் போனால் ஆளுக்கொரு நெரை பிரித்துக் கொடுப்பார்கள். நெரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை.

"ஓர நெரை குடுத்துருக்காங்க பாவம்," என்றார். "கொழுந்தும் கம்மி, அட்டைக் கடியும் கூட. யாரு பிரிச்சுக் குடுத்தது?"

"ரசிகருங்க ஓட்டுப் போடுவாங்கம்மா. ஓட்டு கூட வாங்குனவங்க முன் வரிசை."

"அப்போ எலக்ஷனு."

"அதோட, பணங்கட்டி டிக்கட் எடுத்தா, வரிசையில வந்து இவங்க கையக் குலுக்கிட்டுப் போகலாம்."

சின்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையப் புடிக்கிறதுக்கு டிக்கட்டா? நம்ம தலைவருங்க எலக்ஷன் வந்தா வீடு வீடா வந்து சும்மாவே புடிக்கிறாங்களே."

"புடிச்சிட்டுப் போனா அப்புறம் ஆளக் காணோமே," என்றார் அம்மா. "இந்தப் புள்ள அடுத்த வாரமும் வந்து நிக்கிதுல்ல? இது எவ்வளவோ மேலு."

பிறகு அவள் குழுவை விட்டு விலகிய நாளின் காட்சியைப் பார்த்தோம். அன்றைக்கு மட்டும் அவள் நடுவில் நின்றாள். வெள்ளை உடுப்பு, கை நிறையப் பூ, சுற்றிலும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இப்படிப் பாட்டுக் குழுவை விட்டு விலகுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'சொத்சுக்யோ'. படிப்பை முடித்து வெளியேறுவதற்கும் அதே சொல்தான்.

"எதுக்குடி அழுவுறாளுக?"

"இவ படிச்சு முடிச்சிட்டாம்மா. அதாவது, பாட்டுக் குழுவ விட்டுப் போறா. அத அங்க படிச்சு முடிச்சதாச் சொல்லுவாங்க."

"எந்தப் பள்ளிக்கூடத்துல?"

"பள்ளிக்கூடம் இல்லம்மா…"

"அக்கா, பேர் வெட்டுறாங்க, அவ்வளவுதான்," என்றார் சின்னம்மா. "அதுக்குப் போயி இவ என்னமோ இங்கிலீசு பேசுறா."

"ஜப்பான், சின்னம்மா."

"எதோ ஒண்ணு."

தோட்டத்தில் பதிந்து வேலை செய்தவர் வயதாகி வேலையிலிருந்து நின்றாலும், கங்காணியோடு சண்டை போட்டு நின்றாலும் அதற்கு ஒரே சொல் பேர் வெட்டுவது. அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பேர் வெட்டுறதுக்குப் பூவு குடுக்குறாங்களா! வெள்ள உடுப்பு வேற. போன வருசம் ஒன் பெரியம்மாவுக்கு வெட்டுனப்போ ஒரு பிளேன்டீ ஊத்திக் குடுக்கல. உடுப்புச் செலவு யாரோடது, கேட்டுச் சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சிக்கு 'ஜப்பான் புள்ளைக்குப் பேர் வெட்டுனது' என்றே பெயர். பேர் வெட்டிய பிறகு அவள் என்ன வேலை செய்கிறாள் என்று விளங்கவைக்கத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். அந்த ஊர் நிகழ்ச்சிகளில் யாராவது ஒரு ஊரைச் சுற்றிக் காட்டும்போது திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதற்குள் அவள் முகம். கண்ணை விரிப்பாள், வாயைப் பொத்துவாள், தலையாட்டுவாள்.

"இதுக்கா சம்பளம்?" என்றார் அம்மா.

"ஆமா."

"மூலையில ஒக்காந்து ஆச்சரியப்படுறதுக்கு?"

"அதுவும் வேலதாம்மா. மத்தவங்க பேசுறத ஒழுங்காக் கேக்கணும்."

"அப்போ ஒன் சின்னம்மாவுக்கு அந்த வேல கெடைக்காது."

பாட்டில் தன் முறை எப்போது வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்ததாகவும், இங்கே அடுத்தவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதே தன் முறையாகிவிட்டதாகவும் அவள் ஒரு பேட்டியில் சொன்னாள். இதை நான் மொழிபெயர்த்தபோது அம்மாவும் சின்னம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மொழி இப்படித்தான் எனக்குள் வந்தது. தமிழ் தெரிந்தவருக்கு அதன் வாக்கியம் அவ்வளவு அந்நியமாக இல்லை. வினைச்சொல் பொறுமையாகக் கடைசியில்தான் வரும். 'இரு' என்ற சொல் அங்கேயும் உண்டு. உயிருள்ளவை இருப்பதைக் குறிக்கும். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா, "பாரு, யாரையோ இருக்கச் சொல்றா" என்பார். இதில் எனக்குத் தெரியாமல் போனது ஒன்று இருந்தது. நான் கற்றது மொழியை மட்டும் அல்ல. ஒரு ஆளின் பேச்சையும் சேர்த்து.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒரு வாகனப் பட்டறை, வெளிநாட்டுத் தொழில்நுட்பவியலாளர்களைத் தேடியது. அது எனக்கு வேண்டும். கராஜில் என் கைக்கு வருவதெல்லாம் வேறு யாரோ பலமுறை திறந்து, ஒட்டி, முறுக்கி மூடியவை. ஒரு வாகனத்தை அதன் முதல் கோளாறிலேயே பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. யாருடைய டேப்பும் ஒட்டாத வயர். தொழிற்சாலையில் கட்டிய கட்டு அப்படியே. இதை முதலாளியிடம் சொன்னபோது, "போறதெண்டா போ மகள், தடுக்க மாட்டன். அந்த ஹைபிரிட்ட மட்டும் முடிச்சிட்டுப் போ" என்றார். எந்த ஹைபிரிட் என்று அவர் சொல்லவில்லை. முற்றத்தில் வரிசையாக நின்றன.

பண்டாரவளையில் ஞாயிறு வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவரிடம் தேர்வுக்கு முன் ஒருமுறை பேசிக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், சில வருடங்கள் அங்கே வாழ்ந்தவர். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நீர் இதை எங்க படிச்சனீர்?"

"டீவியிலங்க, மிஸ்."

"அதுதானே பார்த்தன். நல்லாத்தான் கதைக்கிறீர். ஆனா இப்படிக் கதைச்சா அவங்கள் வேலை தரமாட்டாங்கள், ஓட்டோகிராஃப்தான் கேப்பாங்கள்."

இரண்டு ஞாயிறுகளில் திருத்த முடிந்ததைத் திருத்தினார். மிச்சம் என்னோடு வந்தது.

தேர்வு ஃபோன் வழியாக. லயத்தில் சிக்னல் காற்றடிக்கிற பக்கம் போகும். கராஜிலோ தகரம் தட்டுகிற சத்தம். ஆகவே வேன்கார அண்ணன் தன் வேனைத் தந்தார். கராஜின் மேல் முற்றத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு பேர். சிரித்த முகத்தோடு வயதான ஒருவர். சிரிக்காத முகத்தோடு ஒரு பெண்மணி. மூலையில் சின்னச் சதுரத்துக்குள் நான்.

என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். இங்கேதான் முதல் சறுக்கல். என் ஆசானான அந்தத் தொலைக்காட்சிப் பெண் தன்னை ஒருநாளும் 'நான்' என்று சொன்னதில்லை. தன் பெயரைச் சொல்லித்தான் பேசுவாள், குழந்தைகள் "பாப்பாவுக்குப் பசிக்குது" என்பது போல. அதை நான் ஒரு பணிவு என்று நினைத்திருந்தேன். ஆசிரியை திருத்தியதுதான். பதற்றத்தில் பழையதே வந்தது. நான் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும். என் பெயர் வருகிற இடத்தில் 'இன்னார்' என்று போடுகிறேன்.

"இன்னார் பதுளையில் இருக்கிறார். இன்னாருக்கு வயர் வேலை மிகவும் பிடிக்கும். இன்னார் கடுமையாக உழைப்பார்."

பெண்மணி தாள் ஒன்றைப் புரட்டினார். "நல்லது. அவர் எப்போது வருவார்?"

"யார்?"

"அந்த இன்னார்."

"வந்துவிட்டார்," என்றேன். பிறகு, "நான்தான்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. வேலையை விடுவதற்கு அங்கே சாதாரணமான ஒரு சொல் உண்டு. அது எனக்குத் தெரியாது. அவள் அதைச் சொல்லக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில், "கராஜிலிருந்து சொத்சுக்யோ செய்யப் போகிறேன்" என்றேன். வயதானவர் தண்ணீர்க் கோப்பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். கராஜ் நடுவில் நான் வெள்ளை உடுப்போடு நிற்க, முதலாளி பூச்செண்டோடு அழுவது அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். என் கண்ணுக்குள் ஓடியது.

அந்த நேரத்தில் ஃபோனில் சார்ஜ் குறைந்தது. வயரை வேனில் சொருகி, யோசிக்காமல் சாவியை ஒரு படி திருப்பினேன்.

"அட்டை செருகப்படவில்லை," என்றது வேன், என்னைவிட எவ்வளவோ நல்ல ஜப்பானிய மொழியில்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். "உங்களோடு வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார் பெண்மணி.

நான் பதில் சொல்வதற்குள் செட் விழித்துக்கொண்டு, காலையில் பிள்ளைகள் பாதியில் விட்டுப்போன இடத்திலிருந்து முழுச் சத்தத்தில் பாடத் தொடங்கியது. கூட்டமாகப் பெண்கள், அரை மூச்சு பிந்தி ஒரு குரல். சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்க எனக்கு, வயர் வேலை பிடித்த இன்னாருக்கு, தேவைக்கு அதிகமான நேரம் எடுத்தது.

"வேன்," என்றேன். "மன்னிக்கவும். வேன் பேசியது. வேன் பாடியது."

பெண்மணி முன்னால் சாய்ந்தார். சோதிப்பது போலத்தான் கேட்டார். "அந்த அறிவிப்பு உங்கள் நாட்டில் தேவையில்லையே. ஏன் நிறுத்தவில்லை?"

எந்த இணைப்பு, எந்தப் பக்கம், கழற்றினால் வேறு எது நிற்கும் என்பதைச் சொன்னேன். இந்தச் சொற்கள் எல்லாம் எனக்கு வாகனத் திரைகளிலிருந்து வந்தவை, ஆகவே பிசகவில்லை. குரலை நிறுத்தினால் வண்டியின் விலை குறைந்துவிடும் என்று சொன்னதும், வயதானவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"சரி. பாட்டுகளை ஏன் அழிக்கவில்லை?"

"இது பள்ளி வேன். சாலையில் வளைவு அதிகம். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் குழந்தைகள்…"

வாந்திக்கு மரியாதையான சொல் எனக்குத் தெரியாது. படகு நிகழ்ச்சி ஒன்றில் கடல் கொந்தளித்தபோது அவள் கத்திய சொல் மட்டும் தெரியும். அதைச் சொன்னேன். நேர்முகத் தேர்வில் சொல்லக்கூடாத சொற்களுக்கு ஒரு வரிசை போட்டால், அது முன் வரிசையில் நடுவில் நிற்கும். வயதானவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளிப்படையாகவே சிரித்தார். பெண்மணி உதட்டைக் கடித்தார், கண்ணை மூடினார், பிறகு அவரும் தோற்றுப்போனார்.

சிரித்து முடித்தபின் பெண்மணி நேராகவே சொன்னார். வேலை தெரிகிறது. பேச்சு நட்பாக இருக்கிறது, தேவைக்கு மேல் நட்பாக. வாகனத்தைக் கொண்டுவரும் வாடிக்கையாளரிடம் இப்படிப் பேச முடியாது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவள் பெயரைக் கேட்டதும் தலையாட்டினார். "வாடிக்கையாளர் வராத நேரத்தில் பிரச்சினை இல்லை," என்றார்.

பத்து நாட்களுக்குள் பதில் வந்தது. தொழில் பகுதியில் தேறிவிட்டேன். மொழிப் பகுதியில் இல்லை. மரியாதைப் பேச்சைக் கற்றுக்கொண்டு இன்னொரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுப்பதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"கெடைச்சிருச்சா, கெடைக்கலயா?"

"ரெண்டும் இல்லம்மா. இன்னொரு வாட்டி கேப்பாங்க."

"என்னத்த கேப்பாங்க?"

"மரியாதையாப் பேசத் தெரியுமான்னு."

"அது இந்த வீட்டுலயே இன்னும் முடிவாகலயே," என்றார் சின்னம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இப்போதைய நிலை இது. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளைக்குப் போய் மரியாதைப் பேச்சு படிக்கிறேன். ஒரே செயலை மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு விதம் வருகிறது. படிப்பு முடியும்வரை அவளுடைய நிகழ்ச்சிகளைப் பார்க்க வேண்டாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டதால், ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்து படிக்கிறேன். உள்ளே அவரும் சின்னம்மாவும் மொழிபெயர்ப்பு இல்லாமலேயே பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டாவது நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். வேலை இன்னும் என் கைக்கு வரவில்லை, வேறு யார் கைக்கும் போகவுமில்லை.